சீர் போகும் வழி

என் தாய்மாமாவுக்கு வேர்க்காது. கத்திரி வெயிலில் பழங்காநத்தத்திலிருந்து டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு போனால் ஒவ்வொருவர் சட்டையையும் பிழிந்து ஒரு சொம்பு தண்ணீர் எடுக்கலாம். மாமா மட்டும் அப்போதுதான் இஸ்திரி போட்டு மாட்டிய சட்டை மாதிரி காய்ந்து நிற்பார். முகம் செங்கல் நிறத்துக்குப் போயிருக்கும். கையில் எப்போதும் ஒரு தண்ணீர் பாட்டில் இருக்கும். அதன் மூடியில் ஆணியால் மூன்று ஓட்டை போட்டு வைத்திருந்தார். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அதைக் கவிழ்த்துத் தலையிலும் தோளிலும் தெளித்துக்கொள்வார். பக்கத்தில் நிற்பவர் மேலும் நாலு சொட்டு விழும்.

"என்னண்ணே, பஸ்ஸுக்குள்ள மழையா?"

"ஒனக்கு வேர்க்குது, எனக்கு வேர்க்கல. நீ தானா நனையிற, நான் ஊத்தி நனையிறேன். அம்புட்டுத்தேன்."

அவரிடம் இல்லாதவை இரண்டு. ஒன்று வேர்வை, இன்னொன்று கூச்சம். வேர்வை பிறவியிலேயே இல்லை. கூச்சத்தை எந்த வயதில் விட்டார் என்று தெரியவில்லை. நான் பார்க்கத் தொடங்கிய நாளிலிருந்து அது அவரிடம் கிடையாது.

எங்கள் குடும்பம் அடுத்தவர் நிலத்தில் நடவும் களையும் அறுப்புமாகப் பிழைத்த குடும்பம். சின்ன வயதில் அவரையும் வயலில் இறக்கியிருக்கிறார்கள். அரை மணி நேரத்தில் உள்ளங்கையும் உள்ளங்காலும் நெருப்பில் வைத்த மாதிரி எரிகிறது என்று ஓடிப் போய் வாய்க்காலில் உட்கார்ந்துவிடுவாராம். 'எருமை' என்று பட்டப்பெயர் வந்தது. வளர்ந்த பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. சோம்பேறி எருமைக்கு யாரும் பெண் கொடுக்கவும் இல்லை.

"எருமைக்கும் வேர்வ கம்மி. அதுவும் தண்ணியிலதான் கெடக்கும். தெரியாமச் சொன்னாலும் சரியாத்தேன் சொல்லிருக்காய்ங்க" என்பார், சிரிக்காமல்.

இருபது வயதில் மதுரையில் ஓர் ஐஸ் கம்பெனிக்கு வேலை கேட்டுப் போனார். "குளுரு தாங்குவியா?" என்று முதலாளி கேட்டாராம். "அண்ணே, நான் இத்தன வருசமாத் தேடிக்கிட்டு இருக்கதே அதத்தேன்" என்று சொல்லியிருக்கிறார். தகரப் பெட்டிகளில் உறைந்து வரும் ஐஸ் பாளங்களை இழுத்து, சாக்கில் சுற்றி, மீன் வண்டிகளில் ஏற்றும் வேலை. மற்றவர்கள் இரண்டு வருடம் தாங்காத இடத்தில் அவர் பதினெட்டு வருடம் இருந்தார். வயலில் சோம்பேறி என்று பெயரெடுத்தவர் அங்கே லீவே போடாத ஆள்.

நான் கல்லூரியில் சேர்ந்த நாள் நினைவிருக்கிறது. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். விண்ணப்பம் நிரப்பும் மேசையில் அப்பா என்ன வேலை என்று கேட்டார்கள். பின்னால் நீண்ட வரிசை. அம்மா வாய்க்குள் எதையோ முணுமுணுத்தார். மாமா முன்னால் வந்தார்.

"அப்பாவுக்குக் கூலி வேல. அம்மாவுக்குக் கூலி வேல. எனக்கு ஐஸ் வேல. எங்கள்ல காலேஜு வாசப்படிய மிதிக்கிற மொத ஆளு இந்தப் பொம்பளப் புள்ளதேன். கொட்டையெழுத்தா எழுதுங்க சார்."

வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. அன்று எனக்கு உடம்பு கூசியது. இப்போது அதே வாக்கியத்தை நான் சொல்கிறேன், அதே சத்தத்தில்.

அவருடைய முப்பத்தெட்டாவது வயதில் கால் வீங்கியது. சிறுநீரில் சோப்புத் தண்ணீர் மாதிரி நுரை வந்தது. ஆஸ்பத்திரியில் பார்த்தபோது சிறுநீரகம் பாதிக்கு மேல் போயிருந்தது. சர்க்கரை இல்லை, கல் இல்லை. காரணம் தெரியாமல் இருந்தது. ஓர் இளம் பெண் மருத்துவர், தொப்புளுக்குக் கீழே கடுகு சிதறிய மாதிரி இருந்த கருஞ்சிவப்புப் புள்ளிகளைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஒங்களுக்கு வேர்க்குமா?"

அந்தக் கேள்வியை அதுவரை ஒரு மனிதரும் அவரிடம் கேட்டதில்லை. மாமா அழுதுவிட்டார்.

மறுநாள் அந்த டாக்டரம்மா அந்தப் புள்ளிகளை மருத்துவ மாணவர்களுக்குக் காட்டலாமா என்று அனுமதி கேட்டார். ஆண்களும் பெண்களுமாகப் பத்துப் பன்னிரண்டு பேர். மாமா சட்டையைத் தூக்கி, வேட்டியை இடுப்பிலிருந்து இறக்கிக்கொண்டு நின்றார்.

"கிட்டத்துல வந்து பாருங்க சாமிகளா. நாளைக்கு எவனாச்சும் இந்தப் புள்ளியோட வந்து கை காலு எரியுதுன்னு சொன்னா, அவனச் சோம்பேறின்னு வெரட்டிப்புடாதீக."

நோயின் பெயர் ஃபேப்ரி. நம் செல்களுக்குள் ஒரு வகைக் கொழுப்பை உடைப்பதற்கு ஒரு நொதி இருக்கிறது. மாமாவுக்குப் பிறவியிலேயே அது வேலை செய்யவில்லை. உடைபடாத கொழுப்பு நரம்பிலும் இதயத்திலும் வேர்வைச் சுரப்பியிலும் சிறுநீரகத்தின் வடிகட்டிகளிலும் சேர்ந்துகொண்டே போகும். கொழுப்பு அடைத்துக்கொண்டு சிறுநீரகம் நின்றுவிடுகிறது, அவ்வளவுதான் என்று நான் நினைத்தேன். டாக்டரம்மா அது பாதிக் கதை என்றார். கொழுப்பேறிய செல்லைப் பார்த்ததும் உடம்பின் காவல் செல்கள் எதிரி நுழைந்துவிட்டதாக நினைக்கின்றன. சத்தம் போட்டு மற்ற காவல் செல்களைக் கூப்பிடுகின்றன. அந்த இடத்தில் அழற்சி உண்டாகிறது. கொழுப்பு தீராததால் அழற்சியும் தீராமல் வருடக்கணக்கில் கனன்றுகொண்டே இருக்கிறது. அது தின்ற இடமெல்லாம் தழும்பாகிறது. தழும்பு எதையும் வடிகட்டாது. பிறகு அந்த நொதியை மருந்தாக ஏற்றினாலும் கொழுப்பு குறையலாம், தழும்பு கரையாது.

இதை மாமா புரிந்துகொண்ட விதமே வேறு. சீக்கிரமே டயாலிசிஸ் செய்ய வேண்டி வந்தது. அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு பக்கத்துக் கட்டில்காரரிடம் அவர் சொன்னதை நான் காலடியில் உட்கார்ந்து கேட்டேன்.

"எங்க கம்பெனில ஒருக்கா அமோனியா லீக்கு மாப்ள. பைப்புல ஊசி மொன ஓட்ட. அதால ஒருத்தனுக்கும் ஒண்ணும் ஆகல. ஆனா லீக்குன்னு சத்தம் கேட்டதும் ஓடி வந்தாய்ங்க பாரு, நாப்பது பேரு! ஒருத்தன் கதவ ஒடைக்கிறான். ஒருத்தன் கடப்பாரைய வச்சுச் செவத்த இடிக்கிறான். எல்லாம் நல்லது பண்ண வந்தவய்ங்கதேன். மறுநா பாத்தா, லீக்கு பண்ண சேதாரத்தக் காணோம், வந்தவய்ங்க பண்ண சேதாரம்தேன் கெடக்கு. அப்பறம் ஒடஞ்ச எடத்துல பூராம் சிமிட்டிய அப்புனாய்ங்க. தண்ணி போற ஓட்டையும் சேந்து அடஞ்சுபோச்சு. என் கிட்னி அதான்."

"ஊசி மொன ஓட்டையா இருக்கப்பவே பாத்திருந்தா?" என்றார் பக்கத்துக் கட்டில்காரர்.

"பாத்திருந்தா நாப்பது பேருக்குச் சத்தமே கேட்டிருக்காது."

பின்னாளில் எம்.எஸ்ஸி. படிக்கும்போது இதே பாடத்தை அம்புக்குறிகள் போட்ட படங்களோடு இரண்டு வாரம் நடத்தினார்கள். ஐஸ் கம்பெனியைத் தாண்டி அதில் எனக்குப் புதிதாக இருந்தவை பெயர்கள் மட்டுமே.

ஊசிமுனை ஓட்டையிலேயே பார்ப்பதற்கு வழி இருக்கிறதா என்று மாமா டாக்டரம்மாவிடம் கேட்டார். சிறுநீரில் புரதம் கசிகிறதா என்று பார்க்கும் குச்சிகள் அடைத்த குப்பி ஒன்றை அவர் காட்டினார். நனைத்த குச்சியின் நுனி மஞ்சளாகவே இருந்தால் கசிவு இல்லை. பச்சையாக மாறினால் இருக்கிறது. எந்த நோய் என்று குச்சி சொல்லாது, அதற்கு ரத்தப் பரிசோதனை வேண்டும். "ஒங்க குடும்பத்துல எல்லாரையும் பாக்கணும்" என்று டாக்டரம்மா சொன்னார். அன்று முதல் மாமாவின் சட்டைப் பையில் ஒரு குப்பி இருந்தது.

குடும்பம் என்றால் எங்கள் பக்கத்தில் பங்காளிகள். அப்பா வழியில் ஒரே குலதெய்வத்தைக் கும்பிடுகிறவர்கள். மாமாவுக்கு வேறு விதமாக யோசிக்கத் தெரியவில்லை. மாசி மாதக் கும்பிடுக்கு, டி. கல்லுப்பட்டிக்கு அந்தப் பக்கம் கரிசல் காட்டில் இருக்கும் கோயிலுக்குக் குப்பியையும் ஒரு கட்டு பேப்பர் கப்பையும் எடுத்துக்கொண்டு போனார். வேப்ப மரத்தடியில் ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, வந்த ஆண்பிள்ளைகளையெல்லாம் கூப்பிட்டார்.

"சாமி கும்பிட வந்தவன மூத்திரங் கேக்குறான்டா!"

"எருமண்ணே, பொங்கல் வாங்குறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"எப்ப வருதோ அப்பக் குடுடா."

அன்றோடு எருமை என்ற பெயர் போய் 'ஒண்ணுக்கு மாமா' ஆனது. சிரித்துக்கொண்டே எல்லாரும் கொடுத்தார்கள். எல்லாம் மஞ்சள். பூசாரி ஒருவருக்குத்தான் பச்சை, அது சர்க்கரை நோயால் வந்த கசிவு. மாமா வீட்டுக்கு வந்து குப்பியை மேசைமேல் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து என்னிடம் சொன்னார்.

"நான் ஒத்தையாளுதேன் போல ஆத்தா. எனக்கு முன்னாடியும் இல்ல, பின்னாடியும் இல்ல."

அப்போது எனக்குக் கல்லூரியில் மரபியல் வகுப்பு தொடங்கியிருந்தது. ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் கட்டமும் வட்டமும் போட்டு அவருக்குக் காட்டினேன். இந்தக் கோளாறு அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகாது. மகனுக்கு வந்தால் அம்மாவிடமிருந்துதான் வரும். அதே அம்மாவிடமிருந்து மகளுக்கும் வரலாம். சில பெண்களுக்கு லேசாக இருக்கும், சிலருக்கு ஆண்களைப் போலவே சிறுநீரகம் வரைக்கும் போகும்.

"அப்ப பங்காளிய்ங்கள்ல தேடுனது?"

"தெரு மாறிப் போயிக் கதவத் தட்டிருக்கோம் மாமா."

அவர் பத்திரிகையைக் கையில் வாங்கிக்கொண்டார். விரலால் மெதுவாகக் கோடுகளில் போனார்.

"எங்காத்தாகிட்டருந்து எனக்கு. எங்காத்தாகிட்டருந்து பெரியக்காவுக்கு, சின்னக்காவுக்கு. அவுககிட்டருந்து ஒங்களுக்கு." என் அம்மாவின் வட்டத்தில் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "ஆத்தா, இது நான் சீர் கொண்டு போற வழியாச்சே?"

ஆமாம். காதுகுத்து, சடங்கு, கல்யாணம் என்று அக்காமார் வீட்டில் எது நடந்தாலும் அங்கே தட்டெடுத்துப் போக வேண்டியவர் தாய்மாமன். கல்யாணம் ஆகாத எங்கள் மாமாவுக்கு அந்த வீடுகள்தான் உலகம். என் அம்மா அவருக்குச் சின்னக்கா. மேலூரில் இருக்கும் என் பெரியம்மா பெரியக்கா.

முதல் கப்பை எடுத்துக்கொண்டு போனது நான். பச்சை. அம்மாவுக்கு அதைவிட வெளிறிய பச்சை. ரத்தத்தில் மரபணு பார்த்தபோது இரண்டு பேருக்கும் இருந்தது. நான் தேம்பித் தேம்பி அழுதேன். மாமா என் தலையில் கை வைத்தார்.

"ஊசி மொனதான் மருமகளே. நாப்பது பேரு இன்னும் கெளம்பல. மாத்திரையப் போடு. பாடத்தப் படி."

மேலூர்க் கதவுதான் திறக்கவில்லை. பெரியம்மாவுக்கு ஒரே மகள், எனக்கு அக்கா. காய்ச்சல் வந்தால் கால் எரிகிறது என்று ஈரச் சாக்கின்மேல் நிற்பவள். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

"பேசி முடிச்ச புள்ளடா. நீ மூத்திரக் குப்பியத் தூக்கிக்கிட்டு வந்தா மாப்ள வீட்ல என்ன நெனப்பாக? சீரோட வா. அந்தக் குச்சியோட வராத" என்று பெரியம்மா சொல்லிவிட்டார். அக்காவின் போனும் பெரியம்மா கையில்தான் இருந்தது.

வைகாசியில் கல்யாணம். மேலூரில் வீட்டு வாசலிலேயே பந்தல். பஸ் ஸ்டாண்டு பக்கமிருந்து மேளத்தோடு நாங்கள் சீர்த்தட்டுகளைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். பட்டு, பழம், வெற்றிலை, மாலை. மாமா முன்னால் நடந்தார். டயாலிசிஸ் ஊசி ஏறி ஏறிப் புடைத்த கையில் பெண்ணுக்கான மாலை இருந்தது. தெருமுனைக்கு வந்ததும் நின்றுவிட்டார். அங்கே மரம் கிடையாது, கரண்டுக் கம்பம் ஒன்றுதான்.

"தட்ட எறக்காதீக. எங்கக்கா வரட்டும்."

தாய்மாமன் கொண்டுவரும் பட்டையும் மாலையையும் போடாமல் பெண்ணை மணவறைக்கு அனுப்ப மாட்டார்கள். பெரியம்மா ஓடி வந்தார்.

"ஏன்டா தம்பி, எம் மானத்த வாங்கவா வந்த?"

மாமா குரலைத் தாழ்த்தினார். கல்லூரி மேசையில் கத்தியவர், கோயிலில் கத்தியவர், அன்று பக்கத்தில் நின்ற எனக்கும் பெரியம்மாவுக்கும் மட்டும் கேட்கிற மாதிரிப் பேசினார். அவர் தாழ்ந்து பேசி அன்றுதான் கேட்டேன்.

"எக்கா, ஒருத்தர்கிட்டயும் நான் வாயத் தொறக்கல. போயிப் புள்ளைய மட்டும் கேளு. அவ வேணாம்னு சொல்லட்டும், மாலையப் போட்டுட்டுக் கம்முனு போறேன். அவகிட்டக் கேக்காம நீ வேணாங்காத."

"வெயில்ல நிக்காதடா பாவி. ஒனக்கு ஆகாதுடா."

"ஆகாதுன்னு தெரியுதுல்ல? வெரசாப் போயிக் கேளு."

பெரியம்மா போகவில்லை. அழுதுகொண்டு அங்கேயே நின்றார். மேளக்காரர் தன் வாசிப்பு போதவில்லை என்று நினைத்துக்கொண்டு இன்னும் வேகமாக வாசித்தார். மாமாவின் முகம் செங்கல் நிறத்தைத் தாண்டிப் போனது. உதடு வெடித்தது. ஒரு சொட்டு வேர்வை இல்லை. நான் ஓட்டை மூடி பாட்டிலைக் கவிழ்க்கப் போனேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார்.

"இன்னைக்குத் தெளிக்காத."

எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை. பந்தலிலிருந்து "மாப்ள வெளிய போகக் கூடாதுப்பா!" என்று சத்தம் வந்தது. பட்டு வேட்டியோடு மாப்பிள்ளை ஒரு குடையைப் பிடித்துக்கொண்டு வந்தார். அவருக்குப் பின்னால் பாதி அலங்காரத்தில் அக்கா. அவர் குடையை மாமாவின் தலைக்கு மேல் பிடித்தார்.

"நெழலுக்கு வாங்க மாமா. எதுக்கு நிக்கிறீகன்னு எங்களுக்குத் தெரியும். பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே அவ சொல்லிட்டா. மாமாவுக்கு இருக்கது எனக்கும் இருக்கலாம், சம்மதம்னா பேசுங்கன்னு. தெரிஞ்சுதேன் வந்தேன்."

பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டார். "அடியே, எங்கிட்டச் சொல்லல?"

"ஒனக்குக் கூச்சம். எங்களுக்கு இல்ல" என்றாள் அக்கா. "எங்க மாமா, அந்தக் கப்பு?"

மாமா சிரித்தார். சிரித்தபடியே முழங்கால் மடிந்து என்மேல் சாய்ந்தார். பந்தலுக்குள் தூக்கிக்கொண்டு போய்க் குடம் குடமாக ஊற்றினோம். அவர் கண் திறந்தபோது அக்கா பட்டுச்சேலையோடு வீட்டின் பின்பக்கத்திலிருந்து வந்து குச்சியை நீட்டினாள். பச்சை. மாப்பிள்ளை அதை எட்டிப் பார்த்தார்.

"சரி, திங்கக்கெழம ஆஸ்பத்திரிக்குப் போவோம். மாலையப் போடுங்க மாமா, நேரமாச்சு."

ஈரச் சட்டையோடு மாமா மாலை போட்டார். அந்தக் கல்யாணப் படம் எங்கள் வீட்டில் மாட்டியிருக்கிறது. படத்தில் அவர் ஒருவர்தான் சொட்டச் சொட்ட நனைந்திருக்கிறார்.

அதன் பிறகு அவர் இரண்டு வருடம் இருந்தார். அந்த இரண்டு வருடமும் சீர் போகும் வழியிலேயே அலைந்தார். அவருடைய அம்மாவின் தங்கை மகள் வீட்டில் இரண்டு பேருக்கு நோய் இருந்தது. காணாமல் போன சொந்தக்காரர்களைக் கண்டுபிடித்த மாதிரி "கெடச்சுட்டாக" என்று போனில் சொன்னார். அவர்கள் மாத்திரையில் இருக்கிறார்கள். ஒருவருக்கு நொதி மருந்தும் ஏறுகிறது. அக்காவுக்கும் எனக்கும் சிறுநீரகம் இதுவரை நன்றாக இருக்கிறது.

நான் இப்போது மதுரையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் சிறுநீரகத் திசுக்களைப் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். நுண்ணோக்கியில் காவல் செல்கள் ஊதா நிறப் புள்ளிகளாகக் கூடி நிற்கும்போது, "வந்துட்டாய்ங்கய்யா நாப்பது பேரு" என்று வாய்க்குள் சொல்லிக்கொள்வேன்.

போன ஆவணியில் அக்கா மகளுக்குக் காதுகுத்து. அக்காவுக்கு உடன்பிறந்தவன் இல்லை. சீர்த்தட்டை நான் தூக்கினேன். கொலுசு, பட்டுப்பாவாடை, பழம், நடுவில் குச்சிக் குப்பி. மேலூர்த் தெருமுனையில் அதே கரண்டுக் கம்பத்தடியில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் வழிமறித்தார்.

"என்னத்தா, பொம்பளப் புள்ள தட்டத் தூக்கிட்டு வார? தாய்மாமன் எங்க? யாரு மடியில வச்சுக் காது குத்துறது?"

தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி நான் சொன்னேன். "தாய்மாமன் வந்தாச்சு தாத்தா. நான்தேன். புள்ளையக் குடுங்க."

மேளக்காரர் சிரித்துவிட்டு வாசிக்கத் தொடங்கினார். பந்தலில் குழந்தையை என் மடியில் வைத்தார்கள். ஊசி இறங்கியபோது அவள் வீறிட்டாள். எல்லாரும் காதைப் பார்த்தார்கள். நான் அவள் நெற்றியைப் பார்த்தேன். முத்து முத்தாக வேர்த்திருந்தது. வேர்த்தால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை, அது எனக்குத் தெரியும். பரிசோதனை இருக்கிறது, செய்வோம். ஆனாலும் அந்த வேர்வையை விரலால் தொட்டு என் காய்ந்த நெற்றியில் வைத்துக்கொண்டேன்.